முன்பாரமும் பின்பாரமும்



விருத்தாசலத்திலிருந்து சேத்தியாத்தோப்புக்குச் செல்லும் சாலையில் கம்மாபுரம் என்னும் எங்கள் ஊர் இருக்கிறது. கரும்பு வெட்டும் பருவத்தில் அச்சாலையில் சிறிது நேரம் நின்று பாருங்கள். டிராக்டர்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கரும்பு ஏற்றிய டிரெய்லர்களை இழுத்துச் செல்வதைக் காண்பீர்கள். ஆளுயரத்துக்கு மேல் கரும்பு அடுக்கப்பட்டிருக்கும்; சில வண்டிகளில் தோகை தரையைக் கூட்டிக்கொண்டே செல்லும். அவ்வண்டி எவ்வாறு நிலை குலையாமல் செல்கிறது, எப்போது நிலை குலைகிறது என்பதே இன்று நான் உங்களுக்குச் சொல்ல எடுத்துக்கொண்ட பொருள்.

நான் மோட்டார் தொழில் கற்றவன் அல்லன். வாழ்நாள் முழுதும் பள்ளியாசிரியனாக இருந்தவன். இப்பொருளைப் பேச எனக்கு என்ன தகுதி என்று நீங்கள் கேட்கலாம். தகுதியைவிடக் கடன் ஒன்று எனக்கு உண்டு. அதனை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய ஆண்டு, என்னிடம் படித்த இளைஞன் ஒருவன் ஓட்டிச் சென்ற கரும்பு வண்டி, வாய்க்கால் ஓரத்து வளைவில் குடை சாய்ந்தது. உயிர் பிழைத்தான், ஒரு கால் மட்டும் பழைய கால் ஆகவில்லை. அவனைக் காணச் சென்றபோது அவன் என்னிடம் கேட்டது ஒரே கேள்விதான். "ஐயா, டயர் நான்கும் புதியவை. பழையதைவிடப் பெரிய டயராகவே போட்டோம். ஸ்பிரிங்குக்கும் இரண்டு பட்டை கூடுதலாக வைத்தோம். நான் நாள்தோறும் போகும் வேகத்தில்தான் போனேன். பிறகு ஏன் சாய்ந்தது?"

எனக்கு உடனே விடை சொல்லத் தெரியவில்லை. ஈர்ப்பு மையம் என்னும் பாடத்தை அவன் வகுப்பில் நானே நடத்தியிருந்தேன். பைசா நகரத்துச் சாய்ந்த கோபுரத்தைக் கரும்பலகையில் அழகாக வரைந்தும் காட்டினேன். ஆனால் பள்ளியின் சன்னலுக்கு வெளியே நாள்தோறும் சென்ற கரும்பு வண்டியைச் சுட்டிக்காட்ட எனக்குத் தோன்றவில்லை. அந்தக் கடனைத்தான் இப்போது அடைக்க முயல்கிறேன்.

மாட்டு வண்டியிலிருந்து தொடங்குவோம். ஏனெனில் இழுக்கப்படும் வண்டியைப் பற்றிய அறிவு நம் நாட்டில் டிராக்டரோடு வந்ததன்று. என் இளமையில் எங்கள் வீட்டில் ஒரு கட்டை வண்டி இருந்தது. மூட்டைகளை ஏற்றும்போது என் பாட்டனார் நுகத்தடியைக் கையால் தூக்கிப் பார்ப்பார். மிகவும் கனத்தால் "முன்பாரம்" என்பார். ஒரு மூட்டையைப் பின்னுக்குத் தள்ளுவார். எளிதாக மேலெழுந்தால் "பின்பாரம்" என்பார். மூட்டையை முன்னுக்கு இழுப்பார். முன்பாரம் மிகுந்தால் மாட்டின் கழுத்து புண்ணாகும். பின்பாரம் மிகுந்தால் நுகத்தடி மேலே கிளம்பிப் பூட்டாங்கயிறு மாட்டின் தொண்டையை இறுக்கும். ஆகவே சிறிதளவு முன்பாரம் இருக்கும்படி ஏற்றுவதே முறை.

அச்சு என்பது நெம்புகோலின் தாங்குபுள்ளி. அச்சுக்கு முன்னே உள்ள சுமை நுகத்தடியை அழுத்துகிறது. பின்னே உள்ள சுமை அதனைத் தூக்குகிறது. எழுதப் படிக்கத் தெரியாத என் பாட்டனார் நெம்புகோல் தத்துவத்தை நாள்தோறும் கையால் நிறுத்துப் பார்த்தார் என்பது பின்னாளில்தான் எனக்கு விளங்கிற்று.

நடுவில் ஓர் அச்சு மட்டும் உள்ள டிரெய்லருக்கும் இவ்விதி அப்படியே பொருந்தும். நுகத்தடி இருந்த இடத்தில் இப்போது இணைப்புக் கொக்கி இருக்கிறது, அவ்வளவே வேறுபாடு. மோட்டார் வண்டியின் பின்னே இழுக்கப்படும் இத்தகைய டிரெய்லரில், மொத்த எடையில் பத்தில் ஒரு பங்கிலிருந்து ஏழில் ஒரு பங்குவரை கொக்கியின்மீது அமர வேண்டும் என்பது அமெரிக்கா போன்ற நாடுகளில் பின்பற்றப்படும் பொதுக் கணக்கு. பின்பாரம் மிகுந்தால் மாட்டின் தொண்டை இறுகுவதற்குப் பதிலாக வேறொரு கேடு விளையும். டிரெய்லரின் வால் இடமும் வலமுமாக ஆடத் தொடங்கும். வேகம் குறைவாக உள்ளவரை அந்த ஆட்டம் தானே அடங்கும். குறிப்பிட்ட ஒரு வேகத்தைக் கடந்துவிட்டால் ஒவ்வோர் ஆட்டமும் முந்தையதைவிடப் பெரிதாகும். அப்போது ஓட்டுநர் அஞ்சிப்போய்ச் சக்கரத்தைத் திருப்புவதும், பிரேக்கை ஓங்கி மிதிப்பதும் ஆட்டத்தை மேலும் பெருக்கும். முடுக்கியிலிருந்து காலை எடுத்துவிட்டு, வண்டியை நேராகப் பிடித்து, வேகம் தானே தணியவிடுவதே அறிவுடைமை.

முன்பாரமும் அளவுக்கு மிஞ்சலாகாது. ஒரு சிறு லாரியின் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 3 மீட்டர் என்றும், கொக்கி பின் அச்சுக்கு 1.2 மீட்டர் பின்னே இருக்கிறது என்றும் கொள்வோம். கொக்கியின்மீது 200 கிலோகிராம் அமர்ந்தால் முன் சக்கரங்களின் மேலுள்ள எடை 80 கிலோகிராம் குறையும். பின் சக்கரங்களின் மேல் 280 கிலோகிராம் கூடும். திருப்பும் வேலையைச் செய்வன முன் சக்கரங்கள். அவை எடை குறைந்து தரையை மெல்லத் தொட்டால் வண்டி ஓட்டுநர் சொற்படி கேளாது. பாரம் இழுத்து மேட்டில் ஏறும் டிராக்டரின் முன் சக்கரங்கள் சில வேளை தரையை விட்டு எழும்புவதை நீங்கள் கண்டிருக்கலாம். இணைப்புக் கொக்கியை உயரத்தில் மாட்டினால் இந்த ஆபத்து பெருகும். ஆகவேதான் அது தாழ்வாக அமைக்கப்படுகிறது.

இனி டயரைப் பற்றிச் சொல்கிறேன். காற்றடைத்த டயருக்கு 1845-ஆம் ஆண்டிலேயே ராபர்ட் வில்லியம் தாம்சன் என்னும் ஸ்காட்லாந்துக்காரர் காப்புரிமை பெற்றார். அது வழக்கத்துக்கு வரவில்லை. 1888-இல் பெல்ஃபாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவராக இருந்த ஜான் பாய்டு டன்லப், தம் சிறு மகனின் மூன்று சக்கர வண்டி கல்பாவிய தெருவில் குலுங்குவதைத் தணிக்க அதனை மீண்டும் கண்டுபிடித்தார். சைக்கிளுக்கும் காருக்கும் போன அந்த டயர் நம் மாட்டு வண்டிக்கும் வந்தது. கட்டை வண்டி "டயர் வண்டி" ஆயிற்று. அதே இரண்டு மாடுகள் முன்னைவிட மிகுந்த பாரத்தை இழுத்தன.

பாரத்தைத் தாங்குவது ரப்பர் என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் தாங்குவது உள்ளே அடைபட்ட காற்று. ரப்பரும் அதனுள் பதிந்த நூலடுக்குகளும் அக்காற்றைக் கட்டி வைக்கும் பை. காற்று குறைந்தால் டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மிகுதியாக மடிந்து நிமிரும். ஒரு மீட்டர் விட்டமுள்ள டயர் ஒரு கிலோமீட்டர் செல்ல ஏறக்குறைய 318 முறை சுழல்கிறது. ஆலைக்கு 25 கிலோமீட்டர் என்றால் ஏறத்தாழ 8,000 முறை மடிந்து நிமிர வேண்டும். ஒரு கம்பியை மாறி மாறி வளைத்துப் பாருங்கள்; வளைந்த இடம் சுடும். டயரும் அவ்வாறே சூடேறி, நூலடுக்கு பிரிந்து, இறுதியில் வெடிக்கிறது. கோடையில் வெடிக்கும் டயர்களில் பல, காற்று மிகுந்ததால் வெடிப்பனவல்ல. காற்று குறைந்ததால் வெடிப்பனவே. காற்றைப் புறப்படுமுன், டயர் குளிர்ந்திருக்கும்போதே அளக்க வேண்டும். ஓடிச் சூடான டயரில் அழுத்தம் உயர்ந்து காட்டும். அதைக் கண்டு காற்றை இறக்கிவிடுதல் தவறு.

டயரின் பக்கத்தில் எண்கள் பொறிக்கப்பட்டிருக்கும். அவற்றுள் ஒன்று சுமை எண். 91 என்றால் அந்த ஒரு டயர் 615 கிலோகிராம் தாங்கும். லாரி டயரில் 146/143 என்பதுபோல் இரண்டு எண்கள் இருக்கும். முதல் எண் டயர் தனித்து ஓடும்போது 3,000 கிலோகிராம்; அடுத்தது இரட்டைச் சக்கரமாக ஓடும்போது ஒவ்வொன்றுக்கும் 2,725 கிலோகிராம். இரட்டையில் ஏன் குறைகிறது? இரண்டும் எப்போதும் சமமாகப் பாரம் சுமப்பதில்லை. ஒன்றில் காற்று குறைந்தாலும், ஒன்று தேய்ந்திருந்தாலும், மற்றது இருவர் பாரத்தையும் சுமக்கும். எனவே இணையாகப் போடும் டயர்கள் ஒரே வகையாக, ஒரே உயரத்தில், ஒரே காற்றழுத்தத்தில் இருக்க வேண்டும். பக்கச்சுவர் உறுதியான டயரே இழுவண்டிக்கு ஏற்றது. அது நெளிந்தால் மேலே உள்ள பாரமும் நெளியும்.

அடுத்து ஸ்பிரிங். லாரியின் அடியில் வில்போல் வளைந்த எஃகுப் பட்டைகள் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். டிராக்டரின் பின் அச்சுக்கு அதுவும் பெரும்பாலும் இல்லை. அதன் பெரிய டயர்களே ஸ்பிரிங்காகப் பயன்படுகின்றன. பட்டைகள் இரண்டு வேலை செய்கின்றன. பாரத்தைத் தாங்குகின்றன, குழியில் விழும் சக்கரத்தின் அதிர்ச்சியை விழுங்குகின்றன. விருத்தாசலத்துப் பீங்கான் சரக்கை ஏற்றுவோர் இரண்டாவது வேலையின் அருமையை நன்கு அறிவர்.

பட்டை கூட்டினால் என்ன ஆகும்? பாரத்தில் வண்டி குறைவாக அமுங்கும். வளைவில் குறைவாகச் சாயும். இவை நன்மைகள். பட்டை மிகுந்து ஸ்பிரிங் விறைத்துவிட்டாலோ, பாரமில்லாத வண்டியின் சக்கரம் மேடு பள்ளத்தில் துள்ளித் தரையை விட்டுவிடும். தரையைத் தொடாத சக்கரத்துக்குப் பிரேக்கும் இல்லை, பிடிப்பும் இல்லை. முக்கியமானது ஒன்று உண்டு: ஸ்பிரிங்கைப் பலப்படுத்தியதால் அச்சும், சட்டமும், பிரேக்கும், இணைப்புக் கொக்கியும் பலம் பெறுவதில்லை. வண்டியின் பதிவுச் சான்றில் எழுதியுள்ள எடை அப்படியேதான் இருக்கிறது. அதனை மீறுவது 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி குற்றம்.

இப்போது என் மாணவனின் கேள்விக்கு வருகிறேன். ஒரு நாள் கயிறும் அளவு நாடாவும் எடுத்துக்கொண்டு அந்த வளைவுக்குச் சென்றேன். வளைவின் இரு புள்ளிகளை இணைத்து ஒரு நாண் பிடித்தேன்; 18 மீட்டர். நாணின் நடுவிலிருந்து வளைவுக்குச் செங்குத்தாக 4.5 மீட்டர். வட்டத்தின் நாண் பற்றிய தேற்றத்தை நினைவு கூருங்கள். பாதி நாணின் வர்க்கம் 81. உயரத்தின் வர்க்கம் 20.25. இவ்விரண்டின் கூட்டுத்தொகையை உயரத்தின் இருமடங்காகிய 9-ஆல் வகுத்தால் 11.25. அதுவே அவ்வளைவின் ஆரம்.

அவன் வழக்கமான வேகம் மணிக்கு 27 கிலோமீட்டர்; அதாவது வினாடிக்கு 7.5 மீட்டர். வேகத்தின் வர்க்கத்தை ஆரத்தால் வகுத்தால் 5. வளைவில் வண்டியை வெளிப்புறமாகக் கவிழ்க்க முயலும் முடுக்கம் வினாடிக்கு வினாடி 5 மீட்டர் என்று பொருள்.

வண்டி எவ்வளவு தாங்கும்? இரு சக்கரங்களுக்கு இடையே உள்ள அகலத்தில் பாதியை, ஈர்ப்பு மையத்தின் உயரத்தால் வகுத்து, 9.8-ஆல் பெருக்க வேண்டும். அகலம் 1.8 மீட்டர், பாதி 0.9. முன்பு அவர்கள் ஏற்றிய பாரத்தில் மையம் ஏறத்தாழ 1.5 மீட்டர் உயரத்தில் இருந்தது. அப்போது தாங்கும் அளவு 5.88. ஐந்தைவிட அது சற்றே பெரிது. வண்டி தப்பித்து வந்தது.

பிறகு என்ன செய்தார்கள்? பெரிய டயர் போட்டார்கள், மேடை உயர்ந்தது. பட்டை கூட்டினார்கள், பாரத்தில் வண்டி அமுங்கவில்லை. அமுங்காத வண்டியைக் கண்டதும், இன்னும் ஏற்றலாம் என்ற துணிவு பிறந்தது. கரும்பை ஏறக்குறைய ஒரு மீட்டர் கூடுதலாக அடுக்கினார்கள். மையம் 2 மீட்டருக்கு உயர்ந்தது. இப்போது கணக்கிடுங்கள்: 0.9-ஐ 2-ஆல் வகுத்தால் 0.45, 9.8-ஆல் பெருக்கினால் 4.41. ஐந்தைவிட அது குறைவு. வண்டி சாய்ந்தது.

பழைய பாரத்தோடு அந்த வளைவின் எல்லை மணிக்கு ஏறத்தாழ 29 கிலோமீட்டர். புதிய பாரத்தோடு 25. அவன் சென்றது 27. சாலை மாறவில்லை, வேகம் மாறவில்லை, ஓட்டியவனும் மாறவில்லை. எல்லை மட்டும் அவனுக்குத் தெரியாமல் நான்கு கிலோமீட்டர் கீழே இறங்கிவிட்டது. உண்மையில் டயரின் நெளிவும் சாலையின் சரிவும் அந்த எல்லையை இன்னும் தாழ்த்தும். ஆகவே எல்லையை ஒட்டிச் செல்வதே பிழை. அதற்கு வெகுவாகக் குறைந்து செல்வதே முறை.

இக்கணக்கை ஒரு தாளில் எழுதி அவனிடம் கொடுத்தேன். நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "இது பத்தாம் வகுப்புக் கணக்குதானே, ஐயா?" என்றான். "ஆம் தம்பி" என்றேன். அதற்கு மேல் எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை.

மாணவர்களே, உங்களில் பலர் வீட்டில் டிராக்டரோ லாரியோ இருக்கும். தந்தையாரோ தமையனாரோ புதிய டயர் வாங்கும்போது உடன் செல்லுங்கள். சுமை எண்ணைப் படித்துச் சொல்லுங்கள். காலையில் வண்டி புறப்படுமுன் காற்றை அளந்து பாருங்கள். டிரெய்லருக்குத் தனிப் பிரேக் இருக்கிறதா, வேலை செய்கிறதா என்று கேளுங்கள். அது இல்லையேல், இறக்கத்தில் பின்னுள்ள பாரம் முன்னுள்ள டிராக்டரைத் தள்ளி, முழங்கை மடங்குவதுபோல் இரண்டையும் மடக்கிவிடும். கனமானதை அடியிலும், அச்சுக்குச் சற்று முன்னும் ஏற்றச் சொல்லுங்கள். நல்ல டயரும் நல்ல ஸ்பிரிங்கும் வாங்குவது, ஏற்கெனவே ஏற்றும் பாரத்தைப் பத்திரமாகக் கொண்டு செல்வதற்கே என்பதையும் எடுத்துச் சொல்லுங்கள்.

என் பாட்டனார் நுகத்தடியைத் தூக்கிப் பார்க்காமல் வண்டியைப் பூட்டியதில்லை. அந்த ஒரு பழக்கத்தை நாம் கைவிடாதிருந்தால் போதும்.