பழைய துப்பாக்கி விலைக்கு வருகிறதா? குழலையும் பாருங்கள், காகிதத்தையும் பாருங்கள்!

நிலக்கடலை காய் பிடிக்கும் நேரத்திலும், நெல் கதிர் முற்றும் நேரத்திலும் காட்டுப்பன்றி இறங்கினால் ஒரே இரவில் பாதி வயல் போய்விடும். உத்திரமேரூர் வட்டாரத்தில் காப்புக்காட்டை ஒட்டி நிலம் வைத்திருப்பவர்களுக்கு இதைச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. அப்படிப்பட்ட நேரத்தில்தான், "தெரிந்தவரிடம் பழைய துப்பாக்கி ஒன்று இருக்கிறது, மலிவாகத் தருகிறார்" என்ற பேச்சு காதில் விழும். வாங்கலாமா?

முதலில் உரிமம், பிறகுதான் துப்பாக்கி

1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி, உரிமம் இல்லாமல் துப்பாக்கியைக் கையில் வைத்திருப்பதே குற்றம். பயிர்ப் பாதுகாப்புக்கு என்று உண்மையாகவே தேவைப்படுவோருக்கு, வாய்வழியே மருந்து திணிக்கும் ஒற்றைக்குழல் துப்பாக்கிக்கு உரிமம் தர இந்தச் சட்டத்தில் வழி உண்டு. அது போதாது என்று அதிகாரி கருதினால், 20 அங்குலத்துக்குக் குறையாத குழல் உள்ள தோட்டாத் துப்பாக்கிக்கும் தரலாம். கைத்துப்பாக்கிக்கு இந்த வழியில் இடமில்லை. ஆகவே, "பிஸ்டல் ஒன்று வருகிறது, கொல்லைக்கு ஆகும்" என்று யாராவது சொன்னால் அந்தப் பேச்சை அங்கேயே முடித்துவிடுவது நல்லது.

விண்ணப்பம் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்குப் போகும். காவல் நிலையத்தின் அறிக்கை வந்த பிறகே முடிவாகும். துப்பாக்கியை முதலில் வாங்கிவிட்டு உரிமத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பது நடக்காத காரியம். உரிமமில்லாமல் பிடிபட்டால் 2 முதல் 5 ஆண்டு வரை சிறை, அதோடு அபராதமும் உண்டு.

விற்பவரிடம் கேட்கவேண்டியவை

உரிமம் பெற்ற ஒருவர் தன் துப்பாக்கியை இன்னொரு உரிமதாரருக்கு விற்கலாம். ஆனால், யாருக்கு விற்கிறார் என்பதை மாவட்ட ஆட்சியருக்கோ அருகில் உள்ள காவல் நிலையத்துக்கோ எழுத்தில் தெரிவித்து 45 நாள் கழிந்த பிறகுதான் கைமாற்ற வேண்டும். "இன்றைக்கே பணம் கொடுத்துவிட்டு எடுத்துப் போங்கள்" என்பவரிடம் வாங்கக் கூடாது.

துப்பாக்கியில் பொறித்திருக்கும் எண்ணும் உரிமப் புத்தகத்தில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்கவேண்டும். எண் அழிக்கப்பட்டோ ராவப்பட்டோ இருந்தால் தொடவே கூடாது. அப்படிப்பட்ட துப்பாக்கி யார் கையில் இருக்கிறதோ, அவரே எண்ணை அழித்தவர் என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு அவர் தலையில்தான் விழும்.

குழல் சொல்லும் உண்மை

காகிதம் எல்லாம் சரி என்றாலும் துப்பாக்கி சரியாக இருக்குமா என்பது தனிக் கேள்வி. கரிமருந்தின் கசடு ஈரத்தை இழுத்துக்கொண்டு இரும்பை அரிக்கும். சுட்டபின் கழுவித் துடைக்காமல் பரணில் போட்ட துப்பாக்கியின் குழல், வெளியே பளபளவென்று இருந்தாலும் உள்ளே குழிகுழியாகத் துருப்பிடித்திருக்கும். தேர்தல் காலத்தில் ஒப்படைத்துவிட்டுத் திரும்ப வாங்காமல் நெடுநாள் கிடந்த துப்பாக்கிக்கும் இதே கதிதான்.

மருந்து இல்லை என்பதை விற்பவரை வைத்தே உறுதிசெய்துகொண்ட பிறகு பார்க்கவேண்டியவை:

• குழலில் புடைப்போ நசுங்கலோ வெடிப்போ இருக்கிறதா? லேசான புடைப்பு இருந்தாலும் அந்தக் குழல் ஆகாது.
• தூக்கிய குதிரை நிற்கவேண்டிய இடத்தில் நிற்கிறதா, தானாக விழுகிறதா?
• மடக்கித் தோட்டா போடும் துப்பாக்கி என்றால், மூடிய பிறகு குழலுக்கும் கட்டைக்கும் இடையே ஆட்டம் இருக்கிறதா?
• கட்டையில் விரிசலோ, கம்பி சுற்றிய ஒட்டுவேலையோ இருக்கிறதா?
• குழலில் சோதனை முத்திரை இருக்கிறதா? தண்ணீர்க் குழாயை வைத்துச் செய்த நாட்டுத் துப்பாக்கியில் அது இருக்காது. அந்தக் குழாய் மருந்தின் அழுத்தத்தைத் தாங்கச் செய்யப்பட்டதும் அல்ல.

குழல் வெடித்தால் முதலில் போவது சுடுபவரின் விரலும் கண்ணும். ஆகவே, "ஒரு தடவை சுட்டுப் பார்த்துவிடலாம்" என்பது சோதனை ஆகாது. உரிமம் பெற்ற துப்பாக்கிக் கடையில் பழுதுபார்ப்பவரிடம் காட்டி, அவர் சரி என்ற பிறகே விலை பேசவேண்டும்.

வாங்கினாலும் பன்றியைச் சுட முடியாது

பலரும் மறந்துவிடுவது இதைத்தான். காட்டுப்பன்றி 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகிறது. துப்பாக்கி உரிமம், பன்றியைக் கொல்லும் அனுமதி ஆகாது. தமிழக அரசு 2025 ஜனவரியில் அறிவித்த முறைப்படி, காப்புக்காட்டிலிருந்து 1 கி.மீ.க்குள் பன்றியைச் சுட அனுமதி இல்லை. 1 முதல் 3 கி.மீ. வரை பிடித்துக் காட்டில் விடவேண்டும். 3 கி.மீ.க்கு அப்பால் சுடலாம், ஆனால் சுடவேண்டியவர்கள் வனத்துறையினர், விவசாயிகள் அல்லர்.

ஆகவே, பெரும்பாலான சிறு விவசாயிகளுக்குப் பழைய துப்பாக்கி போட்ட பணத்துக்குப் பயன் தராது. சேதம் நடந்த மறுநாளே படம் எடுத்து வைத்து, கிராம நிர்வாக அலுவலரிடமும் வனச்சரக அலுவலகத்திலும் மனு கொடுத்து இழப்பீடு கேட்பதே கைமேல் பலன் தரும் வழி. பன்றி தொடர்ந்து வருகிறது என்றால் அதையும் அந்த மனுவிலேயே எழுதவேண்டும். வயலைச் சுற்றித் திருட்டு மின்வேலி போடுவது எக்காரணம் கொண்டும் கூடாது. இரவில் அந்தப் பக்கம் வருவது பன்றியாகத்தான் இருக்கும் என்பதில்லை, பக்கத்து வயலுக்குத் தண்ணீர் கட்டப் போகிறவராகவும் இருக்கலாம்.

வாசகர் கேள்வி

*அப்பா காலமாகிவிட்டார். அவர் பெயரில் உரிமம் உள்ள ஒற்றைக்குழல் துப்பாக்கி வீட்டில் இருக்கிறது. என்ன செய்வது?*

உரிமம் அப்பாவோடு முடிந்துவிட்டது. காலம் கடத்தாமல் அருகில் உள்ள காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற துப்பாக்கிக் கடையிலோ ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். வாரிசாக உங்கள் பெயரில் உரிமம் கேட்டு விண்ணப்பிக்கலாம். வேண்டாம் என்றால் ஒப்படைத்த இடத்திலிருந்தே உரிமம் உள்ள ஒருவருக்கு விற்க ஏற்பாடு செய்யலாம். அதுவரை, "அப்பா ஞாபகமாக இருக்கட்டும்" என்று வீட்டில் வைத்திருக்காதீர்கள்.