மாட்டுத் தொழுவத்தில் கணவன்

கால்நடை வளர்ப்புக்கு ஆங்கிலத்தில் 'அனிமல் ஹஸ்பண்டரி' என்று பெயர். மாட்டுக்கும் 'ஹஸ்பண்டு'க்கும் என்ன சம்பந்தம்?

இங்கிலாந்தில் குடியேறிய வைக்கிங்குகளின் பழைய நார்ஸ் மொழியில் இருக்கிறது விடை. 'ஹூஸ்' என்றால் வீடு. 'போண்டி' என்றால் சொந்த நிலத்தில் குடியிருந்து பயிரிடுபவன். இரண்டும் சேர்ந்தால் வீட்டுத் தலைவன். அவனுக்கு மணமாகியிருக்க வேண்டும் என்பதில்லை. கணவன் என்ற பொருள் 13ஆம் நூற்றாண்டில்தான் ஒட்டிக்கொண்டது.

அந்தத் தலைவனின் வீட்டு நிர்வாகமே 'ஹஸ்பண்டரி'. பிறகு அது சிக்கனத்தையும் விவசாயத்தையும் குறித்தது. 1523இல் இங்கிலாந்தில் அச்சான ஃபிட்ஸ்ஹெர்பர்ட்டின் வேளாண் நூலுக்கு இந்தச் சொல்தான் தலைப்பு. முன்னால் 'அனிமல்' சேர்ந்ததும் சொல் தொழுவத்துக்குள் நுழைந்தது.

2019இல் மத்திய அரசு மீன்வளம், கால்நடை, பால்வளத்துக்கென அமைத்த தனி அமைச்சகத்தின் ஆங்கிலப் பெயரிலும் அதே சொல்தான். ஆனால் இந்தியத் தொழுவங்களில் சாணம் அள்ளுவது, தீவனம் வைப்பது, கன்றைக் கவனிப்பது எல்லாம் பெரும்பாலும் பெண்கள். மாட்டுக்கான கடனோ, பால் சங்க உறுப்பினர் அட்டையோ பல வீடுகளில் கணவன் பெயரில்.

இந்தியில் 'பசுபாலன்', தமிழில் 'பராமரிப்பு'. இரண்டுமே வேலையைச் சொல்கின்றன. வீட்டுத் தலைவனை அல்ல. பெயர்ப் பலகையில் இருக்கும் இந்த நியாயம் பாஸ்புக்குக்கும் வர வேண்டும்.