வெள்ளியை மிஞ்சிய வெனிலா காய்! பூசணம் என்று எறிந்துவிடாதீர்கள்

கிலோ சுமார் 600 டாலர்! 2018-ல் உலகச் சந்தையில் வெனிலா காய் விற்ற விலை இது. வெள்ளியே அப்போது இதைவிட மலிவு.

மடகாஸ்கர் தீவில், காய் கொடியில் இருக்கும்போதே ஊசியால் குத்தி அடையாளம் போட்டுவிடுகிறார்கள் விவசாயிகள். எல்லாம் திருட்டுப் பயம்தான்!

இப்படிக் காபந்து பண்ணிய காய், கடைசியில் சமையல்கட்டில் பாழாகிறது.

பிரிட்ஜ் வேண்டாம்

பிரிட்ஜில் வைத்தால் காய் வறண்டு போகும். ஈரம் கோத்தால் பூசணம் பிடிக்கும். இறுக மூடிய கண்ணாடி பாட்டிலில் போட்டு, வெயில் படாத அலமாரியில் வைத்தாலே போதும்.

வெள்ளை பூத்தால்?

நாளாக ஆகக் காய்மேல் வெள்ளை பூப்பது உண்டு. "ஐயய்யோ, கெட்டுப்போச்சு!" என்று குப்பையில் கொட்டிவிடக் கூடாது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும். ஊசி ஊசியாக மின்னி, வாசனையும் கமகமத்தால் அது 'வெனிலின்' படிகம். அசல் சரக்கு! மின்னாமல் பஞ்சு மாதிரி படர்ந்து, கெட்ட வாடை அடித்தால்தான் பூசணம். அந்தக் காயைத் தயங்காமல் தூக்கி எறியலாம்.

தோலும் காசு!

காயைக் கீறி, உள்ளே இருக்கும் கறுப்பு விதையைச் சுரண்டிப் பாலில் போட்டதும் வேலை முடிந்துவிடாது. மிச்சத் தோலைச் சர்க்கரை டப்பாவில் புதைத்து வைத்தால், சில நாளில் சர்க்கரையும் மணக்கும்!