கடற்காற்றில் ஒரு மடக்குக்கத்தி

பெசன்ட் நகரில், எலியட்ஸ் கடற்கரைக்கு இரண்டு தெரு தள்ளி நண்பர் ஒருவர் இருக்கிறார். ஜன்னல் கம்பி, கேட்டின் கீல், ஏசியின் வெளிப்பெட்டி, சைக்கிள் மணி என்று அவர் வீட்டில் எதைத் தொட்டாலும் விரலில் பழுப்பு ஒட்டும். ஐப்பசி மழையின்போது கூரியரில் வந்த அட்டைப்பெட்டியைத் திறக்க மடக்குக்கத்தியை எடுத்தார். விரியவில்லை. நகத்தால் நெம்பிப் பல்லைக் கடித்து இழுத்ததும் வெளியே வந்த அலகில் கடுகு கடுகாகத் துருப்புள்ளிகள். "ஸ்டெயின்லெஸ்ஸுன்னு சொல்லித்தானே குடுத்தான்?" என்று என்னைப் பார்த்தார். பார்த்ததற்குக் காரணம் உண்டு. தி.நகரில் ஒரே கடையில், ஒரே நாளில், ஒரே ரகக் கத்தியை ஆளுக்கொன்று வாங்கியிருந்தோம். பனகல் பூங்கா பக்கம் குடியிருக்கும் என்னுடைய கத்தி இன்னும் முகம் பார்க்கலாம் போல இருக்கிறது.

கடைக்காரர் பொய் சொல்லவில்லை. எனக்கும் கடலுக்கும் நடுவே நாலைந்து கிலோமீட்டர் ஊர் இருக்கிறது. நண்பருக்கு அது இல்லை.

அலை உடையும்போது தெறிக்கும் நுண்துளிகள் காய்ந்து உப்புத்தூளாகிக் காற்றோடு வருகின்றன. பெரிய துகள்கள் கரையிலிருந்து சில நூறு மீட்டருக்குள்ளேயே இறங்கிவிடும். ஊருக்குள் போகப் போக அளவு மளமளவென்று குறையும். படிந்த உப்பு சும்மா கிடந்தால் ஒன்றுமில்லை. ஆனால் காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே தண்ணீரை இழுத்துக் கரையும். மழைக்காலத்தில் உப்பு ஜாடியில் பார்க்கிறோமே, அதேதான். சென்னையில் இரவு நேரத்து ஈரப்பதம் அந்த எல்லையைத் தாண்டுவது சர்வசாதாரணம். கத்தியின் மேல் கண்ணுக்குத் தெரியாமல் ஒட்டியிருக்கும் உப்புப் பொடி ராத்திரி உப்புநீராகிறது, மத்தியானம் காய்கிறது, மறுபடி ராத்திரி ஊறுகிறது. காரைக்குடியிலுள்ள மத்திய மின்வேதியியல் ஆய்வு நிலையம் இந்த விஷயத்துக்காகவே மண்டபம் கடற்கரையில் உலோகத் தகடுகளைத் திறந்தவெளியில் மாட்டி வைத்து, அரிப்பை அளந்து வந்திருக்கிறது. தி.நகர்க்காரர்கள் ரொம்பவும் சந்தோஷப்பட வேண்டாம். வியர்வையிலும் இதே உப்புதான். சட்டைப்பையில் கத்தி வைத்திருப்பவன் ஒரு குட்டிக் கடற்கரையைத் தன்னோடு தூக்கிக்கொண்டு அலைகிறான்.

சரி, ஸ்டெயின்லெஸ் எப்படித் துருப்பிடித்தது? வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கும் பொம்மைக் காந்தத்தை எடுத்து நல்ல காபி டம்ளரில் வையுங்கள், பெரும்பாலும் ஒட்டாது. கத்தியின் அலகில் வையுங்கள், 'டப்'பென்று பிடித்துக்கொள்ளும். எவர்சில்வர் என்று நாம் ஒரே பேரில் கூப்பிடுவது ஒரே உலோகம் இல்லை. டம்ளரில் சுமார் 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல், கார்பன் பேருக்குத்தான். அதை எத்தனை முறை காய்ச்சித் தண்ணீரில் முக்கினாலும் கெட்டிப்படாது. கத்திக்கு அது உதவாது. கத்தி எஃகில் நிக்கலைக் கிட்டத்தட்ட விலக்கிவிட்டுக் கார்பனைக் கூட்டுகிறார்கள். 1,000 டிகிரிக்கு மேல் காய்ச்சிச் சட்டென்று குளிரவைத்தால், வெளியேற நேரமில்லாமல் கார்பன் அணுக்கள் இரும்புக்குள்ளேயே மாட்டிக்கொள்ளும். அந்த நெருக்கடிதான் கடினம். கொல்லுப்பட்டறையில் தோய்ச்சல் என்பார்கள். ஆய்வகத்தில் மார்ட்டன்சைட் என்பார்கள்.

இங்கேதான் சிக்கல். துருவைத் தடுப்பது குரோமியம். இரும்பில் அது பத்தரை சதவீதத்துக்குக் குறையாமல் கலந்திருந்தால், மேற்பரப்பில் சில நானோமீட்டர் கனத்துக்கு ஒரு ஆக்சைடு படலம் உண்டாகிறது. கீறினால் தானே மூடிக்கொள்கிறது. ஆனால் கார்பனும் குரோமியமும் ஒன்றையொன்று விடாது. கார்பனைக் கூட்டக் கூட்ட, அது குரோமியத்தைப் பிடித்துத் தனித் துணுக்குகளாகத் திரட்டிக்கொள்ளும். காவலுக்கு நிற்க வேண்டிய குரோமியம் அந்த அளவுக்குக் குறையும். உப்பிலுள்ள குளோரைடு வந்து இளைத்த இடமாகப் பார்த்துப் படலத்தை உடைக்கும். கடுகுப்புள்ளி அப்படி வந்ததுதான். 'ரொம்பக் கெட்டி எஃகு' என்று கூடுதல் விலை கொடுத்து வாங்கிய கத்தி கடலோரத்தில் முதலில் துருப்பிடிப்பதில் ஆச்சரியமே இல்லை.

குரோமியத்தை எஃகில் கலந்து பார்த்த ஆரம்பகால ஆட்களில் மைக்கேல் ஃபாரடேயும் ஒருவர் என்பது பலருக்குத் தெரியாது. மின்சாரத்துக்குப் பேர்போன அவர், 1819இல் தொடங்கிச் சில வருஷம் லண்டனில் கத்தி செய்பவரான ஜேம்ஸ் ஸ்டோடார்ட்டோடு சேர்ந்து எஃகை ஆராய்ந்தார். அவர்களைத் தூண்டியது இந்தியாவிலிருந்து போன 'ஊட்ஸ்' எஃகு. மண் மூசையில் அடைத்து உருக்கி எடுக்கும் அந்த வித்தைக்கு நம் பக்கத்தில் கொடுமணலும் மேல்சிறுவலூரும் சாட்சி. அதில் கார்பன் ஒன்றரை சதவீதம் வரை போகும். அதன் பெருமையைப் பேசலாம். பெசன்ட் நகரில் சட்டைப்பையில் வைத்துக்கொள்ள முடியாது. ஒரு வாரம் தாங்காது.

கார்பன் எஃகுக் கத்தி எனக்குப் பிடிக்காது என்று அர்த்தமில்லை. 1890 முதல் பிரான்ஸின் சவோய் பகுதியில் செய்துவரும் ஒப்பினெல் கத்தியின் கார்பன் அலகு கல்லில் நாலு இழுப்பில் கூராகிவிடும். வாழைக்காயும் வாழைப்பூவும் நறுக்கினால் அதில் கருநீலக் கறை ஏறும். காயின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்து உண்டாவது, பழைய காலத்து எழுதுமை எதனால் ஆனதோ அதே சாதிக் கூட்டுப்பொருள். சென்னையில் அதற்கு இன்னொரு தொல்லை: பிடி மரத்தாலானது. அடைமழையில் மரம் உப்பி அலகைக் கவ்விக்கொள்ளும்.

இப்போது எல்லாரும் கேட்கும் எண்ணுக்கு வருகிறேன். கத்திப் பெட்டியில் 56, 58, 61 என்று போட்டிருக்குமே, அது ராக்வெல் கடினம். வைரக் கூம்பு ஒன்றை 150 கிலோ எடையோடு எஃகில் அழுத்தி, எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்று பார்த்துச் சொல்லும் எண். 1897இல் அதிகாரிகள் கத்திக்குப் பதிவு வாங்கிய சுவிஸ்காரர் கார்ல் எல்சனரின் வழிவந்த விக்டோரினாக்ஸ் கத்திகள் 56 அளவில் நிற்கின்றன. 60ஐத் தாண்டியவை கூரை நாளாக வைத்திருக்கும். கீழே விழுந்தால் நுனி தெறிக்கும். தெருச் சாணைக்கு அசைந்து கொடுக்காது. எண் பெரிதாக இருந்தால் கத்தி நன்றாக வெட்டும் என்ற நம்பிக்கை எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. வெட்டுவது கடினம் அல்ல, மெலிவு.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு கிலோ எடை அளவுக்கு விரலால் அழுத்துகிறீர்கள்; கூரின் அகலம் ஒரு மைக்ரான், பொருளைத் தொடும் நீளம் ஒரு சென்டிமீட்டர். அந்தக் கோட்டில் விழும் அழுத்தம் காற்றழுத்தத்தைப் போல 10,000 மடங்கு. கூர் பத்து மைக்ரானாக மழுங்கினால் அதே வேலைக்குப் பத்து மடங்கு பலம் வேண்டும். கை வழுக்குவது அப்போதுதான். மழுங்கிய கத்தியால்தான் அதிகம் வெட்டுப்படும் என்று பாட்டிகள் சொன்னதில் இயற்பியல் இருக்கிறது. கூருக்குப் பின்னால் அலகு எவ்வளவு தடிமன் என்பதும் முக்கியம். நாலு மில்லிமீட்டர் முதுகுள்ள வீரக் கத்தி கேரட்டை நறுக்காது, பிளக்கும்.

இன்னொன்று, இழுப்பு. தக்காளியின் மேல் கத்தியை நேரே அழுத்தினால் நசுங்குகிறது, கொஞ்சம் இழுத்தால் தோல் விடுகிறது. ஏன்? 2012இல் இதை ஒழுங்காக அளந்து எழுதிய நால்வரில் ஒருவர் ஹார்வர்டின் எல். மகாதேவன், அடையாறுக்குப் பக்கத்து ஐஐடியில் பி.டெக் படித்தவர். நம் ஊரில் சைனா கிராஸ் என்று விற்கும் அகர் கூழை மெல்லிய கம்பியால் அறுத்துப் பார்த்தார்கள். மெத்தென்ற பொருள் அமுக்கத்துக்கு முரண்டு பிடிக்கும். பக்கவாட்டில் இழுத்தால் சுலபமாகச் சரியும். அந்தச் சரிவு கிழிசலுக்கு வேண்டிய இழுவையைப் பாதி கொடுத்துவிடுவதால் மேலிருந்து அழுத்தும் பலம் குறைகிறது. மயிலாப்பூர் சமையலறைகளில் அரிவாள்மனையின் வளைந்த அலகு இதைச் சொல்லாமலே செய்துகொண்டிருந்தது. காயை முன்னால் தள்ளினால் போதும். இழுப்பு தானே கிடைக்கும். மடக்குக்கத்தியில் அந்த வளைவு கொஞ்சம்தான் என்பதால் இழுக்கும் வேலை நம் மணிக்கட்டுக்கு.

நண்பருக்கு அடுத்த கத்தி எது என்று பேசிக்கொண்டே நடந்ததில் உ.வே.சா. நூலகத்தைக் கடந்தோம். 1943இல் தொடங்கிய அந்த நூலகம் இன்று பெசன்ட் நகரில், கடற்காற்று வீசும் தூரத்தில்தான் ஓலைச்சுவடிகளைக் காத்துக்கொண்டிருக்கிறது. மடக்குக்கத்தி வெளிநாட்டுச் சரக்கு என்பவர்களுக்கு உ.வே.சாமிநாதையரின் சுயசரிதையில் பதில் உண்டு. எழுத்தாணி வகைகளைச் சொல்லும்போது குண்டெழுத்தாணி, வாரெழுத்தாணியோடு மடக்கெழுத்தாணியையும் அவர் விவரிக்கிறார். மரமோ தந்தமோ கொம்போ பிடியாக இருக்கும். பிடிக்குள் ஒரு பக்கம் எழுத்தாணியும் மறுபக்கம் ஓலை வாரும் கத்தியும் மடங்கிக்கொள்ளும். ஐரோப்பாவின் பேனாக்கத்தி இறகைச் சீவிப் பேனாவாக்கியது. நம்முடையது பேனாவையும் தன்னோடு வைத்துக்கொண்டு காகிதத்தைச் சீவியது. பனை இலையில் மணல் இனத்துச் சிலிக்கா துணுக்குகள் பொதிந்திருக்கும். அதை வாரிய கத்தியை எத்தனை தடவை தீட்டியிருப்பார்கள்!

தீட்டுவதைப் பற்றி ஒரு வார்த்தை. சைக்கிளில் சக்கரம் மாட்டிக்கொண்டு "கத்தி சாணை" என்று மாட வீதிப் பக்கம் வருபவரிடம் அரிவாள்மனையைத் தயங்காமல் கொடுக்கலாம். மெல்லிய மடக்குக்கத்தியைத் தரமாட்டேன். காய்ந்த சக்கரத்தில் பொறி பறக்கும்போது மயிரிழை போன்ற கூர்முனை சட்டென்று சூடேறும். கார்பன் எஃகில் நீலம் பாய்ந்தால் சுமார் 300 டிகிரியைத் தொட்டுவிட்டது, பதம் போயிற்று. வீட்டில் இருபக்கக் கார்போரண்டம் கல் ஒன்று போதும். கார்போரண்டம் என்பது சிலிக்கான் கார்பைடு; அதை வைத்துத் தொழில் நடத்தும் நிறுவனம் ஒன்று 1954இல் சென்னையிலேயே தொடங்கியது. கத்தியைக் கல்லில் செங்குத்தாக நிறுத்தி, பாதி சாய்த்து, மறுபடி பாதி சாய்த்தால் 22 டிகிரி வரும். இன்னும் ஒரு பொடி சாய்த்துக்கொண்டு, தண்ணீர் விட்டு, இரண்டு பக்கமும் ஒரே எண்ணிக்கையில் தேயுங்கள். விரலில் பிசிர் தட்டினால் கூர் வந்துவிட்டது. பிசிரை எடுக்கப் பீங்கான் கோப்பையின் அடிவளையம் உதவும்.

சட்டத்தைக் கேட்பார்கள். ஆயுதச் சட்டத்தின் கீழான 2016 விதிகள் 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகைத்தான் ஆயுதப் பட்டியலில் வைக்கின்றன; வீட்டு, விவசாய, தொழில் உபயோகத்துக்கென்று செய்தவை விலக்கு. அதற்காக மூன்றங்குலக் கத்தியை எங்கும் கொண்டுபோகலாம் என்று இல்லை. விமானத்தில் கைப்பையில் கூடாது, பெட்டியில் போட்டு அனுப்ப வேண்டும். பொத்தானை அழுத்தினால் பாயும் கத்தியை வாங்கவே வேண்டாம். கொய்யாப்பழத்துக்கு எதற்கு அந்த அவசரம்?

நண்பர் கடைசியில் வாங்கியது ஆறு சென்டிமீட்டர் அலகு, இரண்டு மில்லிமீட்டர் முதுகு, 56 கடினம். பூட்டு கிடையாது, முதுகு வில்லின் இறுக்கம் மட்டும்தான். ஆகவே குத்தவோ நெம்பவோ கூடாது, விரலில் மடங்கிவிடும். ராத்திரி குழாய்த் தண்ணீரில் கழுவித் துடைக்கிறார். பழம் நறுக்கும் கத்தி என்பதால் கீலுக்கு மெஷின் எண்ணெய் வேண்டாம், ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் போதும் என்று சொல்லியிருந்தேன். கார்த்திகை வரை புகார் இல்லை. மார்கழியில் ஒரு விடிகாலை போன் வந்தது. "மறுபடி விரிய மாட்டேங்குது!" துருவா என்று கேட்டேன். இல்லையாம், பளபளவென்று இருக்கிறதாம். சமையலறையில் எண்ணெய் பாட்டிலைப் பார்க்கச் சொன்னேன். வெள்ளையாக உறைந்திருந்தது. தேங்காய் எண்ணெய் இளகுவது 24 டிகிரியில். அன்று காலை அதற்கும் கீழே. உள்ளங்கையில் இரண்டு நிமிஷம் பொத்தி வைத்துக்கொள்ளச் சொன்னேன்.