சைக்கிளுக்கு லைசென்ஸ் இல்லை, சட்டம் உண்டு

சைக்கிள் ஓட்ட லைசென்ஸ் வேண்டாம், பதிவு எண் வேண்டாம், இன்சூரன்ஸ் வேண்டாம். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் சைக்கிளை மோட்டார் வாகனமாகக் கருதுவதில்லை என்பதால் கிடைத்திருக்கும் சலுகை இது. ஆனால் இந்தச் சலுகையைப் பலர் தலைகீழாகப் புரிந்துவைத்திருக்கிறார்கள். கையில் காகிதம் எதுவும் இல்லாததால், அடிபட்டால் கேட்க நாதியில்லை என்று சைக்கிள்காரரே நம்பிவிடுகிறார். மோதிய காரின் சொந்தக்காரர் ஆஸ்பத்திரிச் செலவுக்கு என்று ஐந்தாயிரமோ பத்தாயிரமோ கையில் வைத்து, 'கேஸ் என்று போனால் நீங்கள்தான் அலையணும்' என்றதும் அடிபட்டவர் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விடுகிறார். கட்டட வேலைக்குப் போகிறவர், பால் ஊற்றுகிறவர், இரவுக் காவலாளி, பள்ளிப் பிள்ளை ஆகியோர்தான் இன்றைக்கும் அன்றாடம் சைக்கிளை நம்பி இருப்பவர்கள். ஒரு மாதம் படுத்துவிட்டால் அடுப்பு எரியாத வீடுகள் இவை. சட்டம் இவர்களுக்குத் தந்திருக்கும் பாதுகாப்பு பெரிது. கேட்காமல் விடுவதால்தான் அது கைக்கு வராமல் போகிறது.

சாலையில் ஓடும் ஒவ்வொரு மோட்டார் வாகனத்துக்கும் மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். அந்த மூன்றாம் நபர் என்பதில் சைக்கிளில் போகிறவரும் அடக்கம். தன் பெயரில் ஒரு பாலிசிகூட இல்லாதவருக்கும், மோதிய வண்டியின் காப்பீட்டு நிறுவனம் இழப்பீடு தர வேண்டும் என்பதே இதன் பொருள். வண்டிக்குக் காப்பீடு இல்லையென்றால் பொறுப்பு உரிமையாளர் தலையில் விழும். சட்டத்தின் 164-ஆவது பிரிவின்படி, யார் மேல் தப்பு என்று நிரூபிக்காமலே மரணத்துக்கு 5 லட்சம் ரூபாயும், கொடுங்காயத்துக்கு 2.5 லட்சம் ரூபாயும் கோரலாம். அதற்கு மேல் இழப்பு இருந்தால், 166-ஆவது பிரிவின்கீழ் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனுப் போட்டு, வருமான இழப்பு, ஊனம், சிகிச்சைச் செலவு எல்லாவற்றையும் கணக்கிட்டுக் கேட்கலாம். 164-இன்கீழ் பணத்தை வாங்கிவிட்டால் 166-க்கான வழி அடைபடும். வக்கீலிடம் கேட்டு முடிவெடுப்பது நல்லது. இடித்துவிட்டு நிற்காமல் போன வண்டி எது என்றே தெரியவில்லையா? அதற்கும் வழி இருக்கிறது. 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள திட்டப்படி மரணத்துக்கு 2 லட்சமும் கொடுங்காயத்துக்கு 50 ஆயிரமும் உண்டு. விபத்து நடந்த பகுதியின் வருவாய்த் துறை விசாரணை அதிகாரியிடம், பெரும்பாலும் தாசில்தார் அல்லது கோட்டாட்சியரிடம், விண்ணப்பிக்க வேண்டும். சம்பளச் சீட்டு இல்லாத கூலிக்காரருக்கு எதைக் காட்டிக் கேட்பது என்ற தயக்கம் வேண்டாம். 2014-இல் காய்கறி வியாபாரி ஒருவரின் வழக்கில், வருமானத்துக்கு ஆவணம் இல்லாத நிலையிலும் மாதம் 6,500 ரூபாய் எனக் கணக்கிட்டு இழப்பீடு வழங்கியது உச்ச நீதிமன்றம்.

'சைக்கிள்காரர்கள் மட்டும் ஒழுங்கா? லைட் இல்லாமல் வருகிறார்கள், எதிர்த்திசையில் வருகிறார்கள், கடைசியில் பழி மட்டும் கார்க்காரன் மேல்' என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வியில் நியாயம் இருக்கிறது, ஆனால் பழி அப்படியொன்றும் கண்ணை மூடிக்கொண்டு விழுவதில்லை. தீர்ப்பாயம் இரு தரப்புத் தவறையும் எடை போடுகிறது. சைக்கிள்காரர் பக்கம் 20 சதவீதம் தவறு என்று முடிவானால் இழப்பீட்டில் 20 சதவீதம் கழியும். காப்பீட்டு நிறுவனத்தின் வக்கீல் முதலில் தேடுவதும் இதைத்தான். அவசரமாக ஓட்டி ஆபத்து விளைவிப்பதைத் தண்டிக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 281-ஆவது பிரிவும் எந்த வாகனத்தை ஓட்டுகிறவருக்கும் பொருந்தும். சைக்கிளுக்கு விலக்கு இல்லை. ஆகவே பாதுகாப்பு விதிகள் உயிரையும் காக்கும், உரிமையையும் காக்கும். பின்னால் சிவப்புப் பிரதிபலிப்பானும் முன்னால் ஒரு விளக்கும் இல்லாமல் இருட்டில் இறங்கக் கூடாது. இடது ஓரமாகப் போக வேண்டும், அதற்காக நிற்கும் கார்களை உரசிக்கொண்டு போகக் கூடாது. ஒரு கதவு திறக்கும் அளவுக்கு இடம் விட்டுப் போக வேண்டும். எல்லாவற்றையும்விட, சிக்னலில் லாரிக்கோ பேருந்துக்கோ இடப்பக்கமாக ஒட்டி நிற்காதீர்கள். அந்த இடத்தில் நிற்பவர் டிரைவரின் கண்ணுக்குப் பெரும்பாலும் தெரிவதில்லை. வண்டி இடப்பக்கம் திரும்பும்போது பின்சக்கரம் முன்சக்கரத்தைவிட உள்வாங்கி வரும். ஹாண்டில்பாரில் அது இடித்த பிறகு விலக நேரமிருக்காது. பின்னால் நின்று, வண்டி போனபின் கிளம்புவதே வழி. ஹெல்மெட் சைக்கிளுக்குச் சட்டப்படி கட்டாயமில்லை; நெடுஞ்சாலையில் போகிறவர்கள் போட்டுக்கொள்வது நல்லது.

அப்படியானால் சைக்கிளுக்கும் லைசென்ஸ் கொண்டுவந்து அபராதம் போட்டால் என்ன என்பது அடுத்த வாதம். அந்தப் பாதையை நாம் ஒருமுறை நடந்து பார்த்தாயிற்று. ஒரு காலத்தில் உள்ளாட்சிகள் ஆண்டுதோறும் வரி வாங்கிக்கொண்டு சைக்கிளுக்கு வில்லை கொடுத்தன. டைனமோ எரியாவிட்டாலும், டபுள்ஸ் போனாலும் போலீஸ் பிடித்தது. அந்தச் சுமை விழுந்தது ஏழைகள் மேல்தான். இன்று சாலையில் உயிரைப் பறிப்பது எது என்று பார்த்தால், மத்திய அரசின் கணக்குப்படி 2022-இல் நாடு முழுவதும் சாலை விபத்தில் இறந்தவர்கள் 1,68,491 பேர். சைக்கிள் மோதியா இத்தனை பேர் செத்தார்கள்? ஆபத்தின் ஊற்று எடையும் வேகமும். 2017-இன் மோட்டார் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறைகள் பாதசாரி, சைக்கிள்காரர், குழந்தை, முதியவர், மாற்றுத்திறனாளி ஆகியோரிடம் தனிக் கவனம் காட்டும் பொறுப்பை வண்டி ஓட்டுபவர் மேல் வைத்தது அதனால்தான். என் குறை, அந்தப் பொறுப்புக்கு ஓர் அளவு சொல்லப்படவில்லை என்பது. சைக்கிளைக் கடக்கும்போது ஊருக்குள் 1.5 மீட்டர், ஊருக்கு வெளியே 2 மீட்டர் இடைவெளி என்று ஜெர்மனி 2020-இல் விதியாகவே எழுதிவிட்டது. 'தனிக் கவனம்' என்பதை எந்த டேப்பை வைத்து அளப்பது?

எதிர்த்திசையில் வரும் பழக்கத்தையும் வெறும் ஒழுக்கக்கேடு என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை. நாலுவழிச் சாலை ஊரை இரண்டாக வெட்டிப் போகிறது. எதிர்ப்புறப் பள்ளிக்கூடத்துக்குப் போக, நடுத்திட்டில் திறப்பு வரும் வரை ஒரு மாணவி கிலோமீட்டர் கணக்கில் மிதிக்க வேண்டும். அவள் ஓரமாக எதிரே வருகிறாள். அவள் ஓட்டுவது அரசு கொடுத்த சைக்கிள். 2001-இல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்குத் தொடங்கி, 2005-க்குப் பின் அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளின் பிளஸ் 1 மாணவர்கள் எல்லோருக்கும் விரிந்த நல்ல திட்டம் அது. சைக்கிளைக் கொடுத்த கை, பாதையைக் கொடுக்கவில்லை. சாலை வடிவமைப்பு விதிகளை மீறியதால் உயிரோ உறுப்போ போனால் ஒப்பந்ததாரர் மீதும் அதிகாரி மீதும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க மோட்டார் வாகனச் சட்டத்தில் 198ஏ பிரிவு இருக்கிறது. 2019 திருத்தத்தில் வந்தது. மோட்டார் இல்லாத வண்டிகளுக்கும் பாதசாரிகளுக்கும் மாநில அரசே விதிகள் வகுக்க அதே திருத்தம் அதிகாரம் தந்தது. இவற்றைக் கிராமசபையிலும் வார்டு கூட்டத்திலும் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும்.

விபத்து நடந்துவிட்டால் முதலில் 108. வண்டி எண்ணைப் படம் எடுக்கச் சொல்லுங்கள். அடிபட்டவருக்கு மருத்துவ உதவிக்கு வழி செய்வதும் 24 மணி நேரத்துக்குள் போலீசுக்குத் தெரிவிப்பதும் அதே சட்டத்தின் 134-ஆவது பிரிவின்படி டிரைவரின் கடமை. தமிழ்நாட்டில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு 'நம்மைக் காக்கும் 48' திட்டம் இருக்கிறது. எஃப்.ஐ.ஆர். நகல், ஆஸ்பத்திரியின் விபத்துப் பதிவேட்டு (ஏ.ஆர்.) காப்பி, மருந்துக் கடை பில் எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். தீர்ப்பாய மனுவுக்குச் சட்டம் சொல்லும் காலம் 6 மாதம்; தள்ளிப்போடாதீர்கள். விபத்து நடந்த ஊரில்தான் போட வேண்டும் என்பதில்லை, நீங்கள் குடியிருக்கும் ஊரிலும் போடலாம். சம்பவ இடத்தில் எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள். வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லை என்றால் வட்ட சட்டப் பணிகள் குழுவை அணுகுங்கள். பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், குறைந்த வருமானம் உள்ளவர்கள் ஆகியோருக்கு அங்கே கட்டணமில்லை. சட்ட உதவிக்கான தொலைபேசி எண் 15100.