பட்டியலில் உங்கள் பெயர் உண்டா?

டோகோ என்று ஒரு தேசம் இருக்கிறது, தெரியுமா? தெரியாவிட்டால் பாதகமில்லை. வீட்டில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளை இருந்தால், பூகோளப் படத்தைக் கொண்டுவரச் சொல்லிப் பாருங்கள். ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையில், கானாவுக்கும் பெனினுக்கும் நடுவில், முருங்கைக்காயை நிறுத்தி வைத்தாற்போல் ஒல்லியாக ஒரு தேசம் தெரியும். தெற்கிலிருந்து வடக்கே சுமார் 600 கிலோமீட்டர் நீளம். கடற்கரைப் பக்கத்திலோ ஐம்பது சொச்சம் கிலோமீட்டர்தான் அகலம். பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து 1960-ல் சுதந்திரம் பெற்றது. 2020-ல் அதன் ஜனத்தொகை சுமார் 80 லட்சம்.

பணக்கார தேசங்கள்கூடத் திகைத்து நின்ற ஒரு சமயத்தில், இந்தச் சின்னஞ்சிறு தேசம் ஒரு காரியத்தைச் செய்து காட்டியது. கைத்தொழிலும் சிறு வியாபாரமும் செய்து பிழைக்கும் ஏழைகளுக்குச் சர்க்கார் பணம் கொடுத்தது. பெண்களுக்குக் கொஞ்சம் கூடுதலாகவே கொடுத்தது. ஏற்பாடுகளைப் பத்தே நாளில் முடித்தது. மனு எழுத வேண்டியதில்லை. முத்திரை குத்த வேண்டியதில்லை. உத்தியோகஸ்தரின் மேஜைக்கு முன்னால் கால்கடுக்க நிற்க வேண்டியதும் இல்லை.

"அப்படியும் நடக்குமா?" என்று கேட்கிறீர்களா? நடந்தது. ஆனால் அதிலும் சிலருக்குக் கிடைக்காமல் போயிற்று. எப்படி நடந்தது, யாருக்குக் கிடைக்காமல் போயிற்று என்ற இரண்டையும் குடும்பம் நடத்துகிறவர்கள் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

பென்ஸ் கார் சீமாட்டிகள்

டோகோவின் தலைநகரம் லோமே. அங்கே சந்தைக்குப் போனால், தராசுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள்தான். ஒரு காலத்தில் இவர்களில் சிலர் மகா செல்வச் சீமாட்டிகளாக இருந்தார்கள். ஹாலந்திலிருந்து வரும் சித்திரம் போட்ட துணியை மொத்தமாக வாங்கி, அக்கம்பக்கத்துத் தேசங்களுக்கெல்லாம் விற்றார்கள். லாபத்தில் மெர்ஸிடிஸ் பென்ஸ் கார் வாங்கினார்கள். ஜனங்கள் சும்மா இருப்பார்களா? அவர்களுக்கு 'நானா பென்ஸ்' என்று பெயர் சூட்டிவிட்டார்கள். 'பென்ஸ் அம்மா' என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். வெளிநாட்டுப் பிரமுகர்கள் வந்தால், அவர்களை அழைத்துப் போகச் சர்க்காரே இந்த அம்மாமார்களிடம் கார் இரவல் வாங்கியதாகச் சொல்வதுண்டு!

அந்தக் காலம் மலையேறிவிட்டது. 1994-ல் அந்தப் பகுதியின் நாணயமான பிராங்கின் மதிப்பை ஒரேயடியாகப் பாதியாகக் குறைத்தார்கள். ஹாலந்துத் துணி எட்டாத விலைக்குப் போயிற்று. பிறகு மலிவான சீனத் துணி வந்து குவிந்தது. 2013 ஜனவரியில் லோமேயின் பெரிய சந்தைக் கட்டடமே தீப்பிடித்து எரிந்தது. பென்ஸ் அம்மாக்களின் பவிஷு மங்கினாலும் சந்தைப் பெண்கள் மறையவில்லை. காய்கறி, மீன், சோளம், துணி என்று எதையாவது தலையில் சுமந்து போய், அன்று விற்ற காசில் அன்று உலை வைக்கும் பெண்கள் அங்கே ஏராளம்.

இவர்களுக்குச் சம்பளச் சீட்டு கிடையாது. பலருக்கு பாங்குக் கணக்கும் கிடையாது. இவர்களுடைய வருமானம் எந்த ஆபீஸ் கணக்குப் புத்தகத்திலும் ஏறியதில்லை. சந்தை நடக்கிற வரையில் இது ஒரு குறையாகத் தெரியவில்லை. சந்தை படுத்தபோதுதான் தெரிந்தது.

பத்து நாள் ஏற்பாடு

2020 மார்ச் 6-ந் தேதி டோகோவில் முதல் கொரோனா நோயாளி கண்டுபிடிக்கப்பட்டார். ஏப்ரல் தொடக்கத்தில் நெருக்கடி நிலைமை பிரகடனமாயிற்று; இரவு ஊரடங்கு வந்தது; ஜனங்களின் போக்குவரத்துக்குத் தடை வந்தது. கூடையில் சரக்கு இருக்கிறது. வாங்க ஆள் இல்லை. வீட்டில் குழந்தைகள் இருக்கின்றன. உலை வைக்க அரிசி இல்லை.

சர்க்காருக்குப் பணம் கொடுக்க மனம் இருந்தது. யாருக்குக் கொடுப்பது? ஏழைகளின் பட்டியல் என்று ஒன்று அந்தத் தேசத்தில் இல்லவே இல்லை. வீடு வீடாகப் போய் எழுதலாமென்றால், நோய் பரவும் காலம்.

அப்போது டிஜிட்டல் துறைக்கு மந்திரியாக இருந்தவர் ஸினா லாஸன் என்ற பெண்மணி. அவருடைய இலாகாவினர் கையிலிருந்த ஒரு பட்டியலைத் தேடி எடுத்தார்கள். அது வாக்காளர் பட்டியல். 2020 பிப்ரவரியில்தான் ஜனாதிபதித் தேர்தல் நடந்திருந்தது. அதற்காகத் தயாரித்த பட்டியலில் சுமார் 36 லட்சம் பேரின் பெயரும், இருப்பிடமும், அவரவர் சொன்ன தொழிலும் பதிவாகியிருந்தன. தையல்காரி, மீன் விற்பவள், மோட்டார் சைக்கிள் டாக்ஸி ஓட்டுகிறவன் என்று ஓட்டுக்காக எழுதி வைத்தது, சோற்றுக்கு உதவியது!

திட்டத்துக்கு 'நோவிஸி' என்று பெயர் வைத்தார்கள். லோமே பக்கத்தில் பேசும் எவே பாஷையில் அதற்குச் சகோதர ஒற்றுமை என்று பொருள். ஏப்ரல் 8-ந் தேதி திட்டம் ஆரம்பமாயிற்று.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். செல்போனில் நட்சத்திரக் குறி, 855, பிறகு கட்டக் குறி ஆகியவற்றை அழுத்த வேண்டும். இன்டர்நெட் வேண்டாம், விலை உயர்ந்த போன் வேண்டாம், பொத்தான் வைத்த பழைய போனே போதும். வாக்காளர் அட்டையின் எண்ணையும் கேட்கும் விவரங்களையும் கொடுத்தால், இயந்திரமே பட்டியலோடு ஒத்துப் பார்க்கும். தகுதி இருந்தால், சில நிமிஷங்களில் போனுக்குப் பணம் வந்துவிடும்.

போனுக்குள் பணமா?

போனுக்குப் பணம் எப்படி வரும் என்று சிலருக்குத் தோன்றலாம். இந்த வித்தையை உலகத்துக்குப் பெரிய அளவில் செய்து காட்டியது, ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரையிலுள்ள கென்யா. அங்கே 2007-ல் 'எம்-பெஸா' என்ற சேவை ஆரம்பமாயிற்று. பெட்டிக் கடையில் ரொக்கத்தைக் கொடுத்தால், கடைக்காரர் அதை உங்கள் போன் நம்பரின் கணக்கில் ஏற்றிவிடுவார். நீங்கள் அதை ஊரிலிருக்கும் அம்மாவின் நம்பருக்கு அனுப்பலாம். அம்மா தன் ஊர்க் கடையில் நம்பரைக் காட்டி ரொக்கமாக வாங்கிக்கொள்வாள். நடுவில் பாங்கு எதற்கு?

இது குடும்பங்களை எப்படி மாற்றியது என்று தவ்னீத் ஸூரி, வில்லியம் ஜாக் என்ற இரண்டு பொருளாதார நிபுணர்கள் பல வருஷங்கள் ஆராய்ந்தார்கள். 2016-ல் முடிவை வெளியிட்டார்கள். இந்தச் சேவையால் சுமார் 1,94,000 குடும்பங்கள் வறுமையிலிருந்து மீண்டன என்றும், சுமார் 1,85,000 பெண்கள் விவசாய வேலையை விட்டு வியாபாரத்தை முக்கியத் தொழிலாகக் கொண்டார்கள் என்றும் கணக்கிட்டார்கள். பணத்தைப் பத்திரமாகத் தன் பெயரில் வைத்துக்கொள்ள ஓர் இடம் கிடைத்தால் ஒரு பெண் என்னென்ன செய்வாள் என்பது நமக்குத் தெரியாததா? அஞ்சறைப் பெட்டியில் காசு சேர்த்த பாட்டிமார்களின் வம்சம் அல்லவா நாம்!

டோகோவிலும் இப்படிப்பட்ட போன் கணக்குகள் ஏற்கெனவே புழக்கத்தில் இருந்தன. சர்க்கார் புதிதாக எந்தக் கஜானாவும் திறக்கவில்லை. இருந்த வழியிலேயே பணத்தை அனுப்பியது.

பெண்ணுக்குக் கூடுதல்

லோமேயில் ஆண்களுக்கு மாதம் 10,500 பிராங்க். பெண்களுக்கு 12,250 பிராங்க். இரண்டு வாரத்துக்கு ஒரு தரம் பாதிப் பாதியாகக் கொடுத்தார்கள். பெண்களுக்குக் கொடுத்தது அப்போதைய குறைந்தபட்சச் சம்பளமான 35,000 பிராங்கில் நூற்றுக்கு முப்பத்தைந்து பங்கு. டாலர் கணக்கில் சுமார் இருபது.

பெண்ணுக்கு மட்டும் ஏன் கூடுதல்? வீட்டாரின் சாப்பாட்டைப் பற்றிக் கவலைப்படுகிறவள் அவள்தான் என்பது சர்க்கார் சொன்ன காரணம். இதைச் சொல்ல ஓர் ஆராய்ச்சி வேண்டுமா என்று நீங்கள் சிரிக்கலாம். ஆனால் எத்தனையோ தேசங்களில், உதவித் தொகை என்றால் 'குடும்பத் தலைவர்' என்று எழுதி ஆண் கையில் கொடுப்பதே வழக்கம். அந்த வழக்கத்தை ஒரு பெண் மந்திரியின் இலாகா மாற்றி எழுதியது. பணம் பெற்றவர்களில் நூற்றுக்கு அறுபது பேருக்கு மேல் பெண்கள். திட்டம் முழுவதிலுமாகச் சுமார் எட்டு லட்சம் பேருக்குப் பணம் போய்ச் சேர்ந்தது.

ஆகாயத்திலிருந்து பார்த்தார்கள்

ஊரடங்கு தளர்ந்ததும் லோமேயில் பணம் கொடுப்பது நின்றது. அடுத்து, கிராமங்களிலுள்ள பரம ஏழைகளுக்குக் கொடுக்க விரும்பினார்கள். கிராமத்தில் எல்லோருமே விவசாயிகள். தொழிலை வைத்து ஏழையைப் பிரிக்க முடியாது. அமெரிக்காவிலுள்ள பெர்க்லி சர்வகலாசாலையின் ஜோஷுவா புளூமென்ஸ்டாக் முதலிய நிபுணர்களும், 'கிவ் டைரக்ட்லி' என்ற தர்ம ஸ்தாபனமும் உதவிக்கு வந்தார்கள்.

முதலில், செயற்கைக் கோள் எடுத்த படங்களைக் கம்ப்யூட்டரிடம் கொடுத்தார்கள். கூரை எப்படிப்பட்டது, சாலை உண்டா, வயல் எவ்வளவு என்பதையெல்லாம் வைத்து மிக ஏழ்மையான நூறு வட்டாரங்களை அது பொறுக்கியது. பிறகு அதை இருநூறாக்கினார்கள். அந்த வட்டாரங்களுக்குள், செல்போனை எப்படி உபயோகிக்கிறார்கள் என்ற கணக்கைப் பார்த்தார்கள். பேசிய பேச்சை யாரும் ஒட்டுக் கேட்கவில்லை. எத்தனை தரம், எங்கே, எவ்வளவு நேரம் என்ற விவரம் மட்டும். அடிக்கடி வெளிநாட்டுக்குப் பேசுகிறவர் கொஞ்சம் வசதியுள்ளவராக இருக்கலாம் அல்லவா? இப்படித் தேர்ந்தவர்களில் பெண்களுக்கு மாதம் 8,620 பிராங்கும் ஆண்களுக்கு 7,450 பிராங்கும் ஐந்து மாதம் கொடுத்தார்கள். ஒரு லட்சத்துக்கு மேற்பட்டவர்களுக்கு இந்த உதவி கிடைத்தது.

கேட்கும்போது ஆச்சரியமாகத்தான் இருக்கிறது. அதே சமயம், நம் போனே நம் ஏழ்மையைச் சர்க்காருக்குச் சொல்லிவிடும் என்றால் நெஞ்சில் ஒரு சின்ன உறுத்தலும் ஏற்படுகிறது. இன்று சோறு போடுவதற்காகப் பார்த்த கணக்கை, நாளைக்கு வேறு எதற்கும் பார்க்காமல் இருக்கச் சட்டம்தான் காவல் நிற்க வேண்டும்.

விடுபட்டவர்கள்

இனி, கிடைக்காமல் போனவர்களின் கதைக்கு வருவோம். வாக்காளர் அட்டை வாங்காதவர்களுக்குப் பணம் இல்லை. ஸிம் கார்டு இல்லாதவர்களுக்கு இல்லை. திரையில் வருவதைப் படிக்கத் தெரியாதவர்கள் இன்னொருவரின் தயவை எதிர்பார்க்க வேண்டியிருந்தது. பரம ஏழைகளிலும் பரம ஏழை யார்? போன் இல்லாத கிழவிதானே? அவள் எந்த நம்பரை அழுத்துவாள்?

அந்த நிபுணர்களே ஒளிக்காமல் எழுதியிருக்கிறார்கள். 2022-ல் 'நேச்சர்' என்ற விஞ்ஞானப் பத்திரிகையில் வந்த அவர்களுடைய கட்டுரை சொல்வது இது: வட்டாரத்தைப் பார்த்துக் கொடுக்கச் சர்க்கார் யோசித்திருந்த முறைகளைவிட இயந்திர முறையில், தகுதி இருந்தும் விடுபடுகிறவர்கள் 4 முதல் 21 சதவிகிதம் குறைகிறார்கள். ஆனால் எல்லாக் குடும்பங்களையும் பற்றிய முழுமையான பதிவேடு ஒன்று இருந்திருந்தால், அதோடு ஒப்பிடும்போது இயந்திர முறையில் விடுபடுகிறவர்கள் 9 முதல் 35 சதவிகிதம் அதிகம். ஆகாயத்திலிருந்து பார்ப்பதைவிட, வாசலில் வந்து நின்று, "அம்மா, உங்கள் பெயர் என்ன?" என்று கேட்பதே மேல் என்று ஆகிறதல்லவா?

டோகோ சர்க்காரும் அதைப் புரிந்துகொண்டது போலிருக்கிறது. எல்லோருக்கும் அடையாள எண் கொடுப்பதற்கு 2020-லேயே ஒரு சட்டம் செய்தது. அதற்கு அது தேர்ந்தெடுத்த 'மோசிப்' என்ற கம்ப்யூட்டர் ஏற்பாடு நம் பெங்களூரில் 2018-ல் ஆரம்பமானது என்பது நமக்குச் சந்தோஷமான செய்தி. ஆனாலும் எண் வந்துவிட்டால் எல்லாம் வந்துவிடாது. அந்த எண்ணைக் கிழவியின் குடிசைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க ஒரு மனுஷரின் இரண்டு கால்கள் வேண்டும்.

சகோதரிகளே, டோகோவின் சந்தைக்காரிக்கு ஆபத்துக் காலத்தில் கைகொடுத்தவை இரண்டு: ஒரு பட்டியலில் அவள் பெயர் இருந்தது, அவள் பெயரில் ஒரு போன் நம்பர் இருந்தது. இரண்டையும் அவள் ஆபத்து வருவதற்கு முன்பே செய்து வைத்திருந்தாள். இன்று சாயங்காலம் அடுப்படி வேலை முடிந்ததும் நீங்களும் ஒரு காரியம் செய்யுங்கள். கையில் வைத்திருக்கும் போனின் ஸிம் கார்டு யார் பெயரில் இருக்கிறது, பாங்குக் கணக்கு யார் பெயரில் இருக்கிறது, ரேஷன் கார்டிலும் வாக்காளர் பட்டியலிலும் உங்கள் பெயர் பிழையில்லாமல் இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு, வீட்டு வேலைக்கு உதவ வரும் அம்மாளையும் ஒரு வார்த்தை கேளுங்கள். அவளுக்குப் படிக்கத் தெரியாவிட்டால், பக்கத்தில் உட்கார்ந்து நீங்களே பார்த்துச் சொல்லுங்கள்.