பெரியம்மை திரும்பி வருமா?

1978 ஆகஸ்ட் 11. இங்கிலாந்தின் பர்மிங்காம் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் புகைப்படக் கலைஞராக இருந்த ஜேனட் பார்க்கர் உடம்பு சரியில்லாமல் படுத்தார். சில நாளில் உடம்பெல்லாம் கொப்புளம். சின்னம்மை என்றார்கள், மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்றார்கள். பெரியம்மை என்று யாருக்கும் தோன்றவில்லை. தோன்ற நியாயமும் இல்லை. முந்தைய ஆண்டு அக்டோபரில், சோமாலியாவில் அலி மாவ் மாலின் என்ற ஆஸ்பத்திரிச் சமையல்காரரோடு அந்த நோயின் இயற்கையான பரவல் உலகத்தில் முடிந்துபோயிருந்தது. ஆகஸ்ட் 24ஆம் தேதிதான் நோய் இன்னதென்று தெரிந்தது. செப்டம்பர் 11இல் ஜேனட் இறந்தார். வயது 40.

அவர் வேலை பார்த்த தளத்துக்குக் கீழே பெரியம்மைக் கிருமியை வைத்து ஆராய்ச்சி நடந்துகொண்டிருந்தது. கட்டடத்தின் குழாய்ச் சந்து வழியாகக் கிருமி மேலே போயிருக்கலாம் என்றது அரசு விசாரணை. நீதிமன்றத்தில் அது நிரூபணமாகவில்லை. ஆய்வுக்கூடத் தலைவர் ஹென்றி பெட்சன் தற்கொலை செய்துகொண்டார். தனிமைப்படுத்தப்பட்டிருந்த ஜேனட்டின் அப்பா மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார். அம்மாவுக்கும் நோய் தொற்றியது. லேசாக வந்ததால் பிழைத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு இன்றுவரை உலகத்தில் யாருக்கும் பெரியம்மை வரவில்லை. கடைசிப் பலியை வாங்கியது காடோ சேரியோ இல்லை, படித்தவர்கள் நடத்திய ஆய்வுக்கூடம். 'திரும்பி வருமா?' என்று கேட்கிறவர்கள் இதிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

கிருமி உடம்புக்குள் நுழைந்து பெரும்பாலும் பத்துப் பதினான்கு நாள் ஒன்றும் தெரியாது. பிறகு கடும் காய்ச்சல், நிமிர முடியாத இடுப்புவலி. அப்புறம் வாய்க்குள்ளும் முகத்திலும் ஆரம்பித்துக் கைகால் எங்கும் முத்துப் போடும். சின்னம்மை முத்து மார்பிலும் முதுகிலும் அதிகம். ஒன்று காய்ந்திருக்கும்போது பக்கத்தில் இன்னொன்று புதிதாகக் கிளம்பும். பெரியம்மையில் முகம், கைகால்களில்தான் அதிகம்; உள்ளங்கை, உள்ளங்காலையும் விடாது; ஓரிடத்து முத்தெல்லாம் ஒரே பருவத்தில் இருக்கும். தொட்டால் தோலுக்கடியில் ஈயக்குண்டு புதைந்த மாதிரி கெட்டியாக இருக்கும். இதன் கடுமையான வகை வந்த பத்துப் பேரில் மூன்று பேர் செத்தார்கள். பிழைத்தவர்களில் பலருக்கு முகமெல்லாம் குழி, சிலருக்குக் கண் போனது. சென்னை தண்டையார்பேட்டை தொற்றுநோய் மருத்துவமனையில் ஆயிரக்கணக்கான நோயாளிகளைப் பார்த்த டாக்டர் ஏ. ராமச்சந்திர ராவ், ரத்தக்கசிவோடு வரும் கொடிய வகை கர்ப்பிணிகளைத்தான் அதிகம் தாக்குகிறது என்று பதிவு செய்தார். உலகமே மேற்கோள் காட்டிய பதிவு அது.

இவ்வளவு கொடிய நோயை எப்படி ஒழித்தார்கள்? அதற்கு ஒரு பலவீனம் இருந்தது. மனிதனை விட்டால் அதற்குத் தங்க வேறு பிராணி கிடையாது. வந்தால் முகத்திலேயே தெரியும், ஒளிய முடியாது. ஆகவே ஊர் முழுக்க அம்மை குத்துவதோடு நிற்காமல், நோயாளியைக் கண்டுபிடித்து அவரைச் சுற்றியிருப்பவர்களுக்கெல்லாம் உடனே குத்தினார்கள். 1974இல் பீகார், ஒரிசா, மேற்கு வங்கம் பக்கம் முதல் ஐந்து மாதத்திலேயே 15,000 பேருக்கு மேல் செத்தார்கள். ஊழியர்கள் முத்துப் போட்ட குழந்தையின் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு வீடு வீடாகக் கேட்டுப் போனார்கள். தகவல் சொன்னவர்களுக்குப் பரிசுப் பணம். மறு வருஷம் மே மாதத்தோடு இந்தியாவில் பெரியம்மை முடிந்தது. 1980 மே 8இல் உலகத்தைவிட்டே ஒழிந்ததாக உலக சுகாதாரப் பேரவை அறிவித்தது.

ஒழிந்தது நோய்தான். கிருமி அமெரிக்காவின் அட்லாண்டாவிலும் ரஷ்யாவின் கோல்ட்சோவோவிலும் அதிகாரபூர்வமாகப் பூட்டி வைக்கப்பட்டிருக்கிறது. 1999க்குள் அழித்துவிடலாம் என்று 1996இல் தீர்மானம் போட்டார்கள். தடுப்பூசி, மருந்து ஆராய்ச்சிக்கு வேண்டும் என்று அப்போதிலிருந்து தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அதிகாரபூர்வமற்ற இடங்களிலும் கிடக்கலாம் என்பதற்குச் சாட்சி, 2014 ஜூலையில் அமெரிக்காவின் பெதஸ்டாவில் கிடைத்த அட்டைப்பெட்டி. குளிர்அறை மூலையில் 1950களிலிருந்து மறந்து கிடந்தது. உள்ளே பெரியம்மைச் சீசாக்கள் ஆறு. சோதித்தபோது இரண்டில் கிருமிக்கு உயிர் இருந்தது.

என் கருத்து, மிச்சமிருப்பதை அழித்துவிடுவதே நல்லது. ஆனால் அதோடு கதை முடியாது. பெரியம்மையின் மரபணு வரிசை 1990களிலேயே பிரசுரமாகிவிட்டது. அதன் உறவுக்காரக் கிருமியான குதிரையம்மையை, தபாலில் வரவழைத்த டி.என்.ஏ. துண்டுகளை ஒட்டியே கனடா விஞ்ஞானிகள் உருவாக்கிக் காட்டினார்கள். கட்டுரை 2018இல் வெளிவந்தது.

நமக்கு எதிர்ப்புச்சக்தி உண்டா? 1980க்குப் பிறகு பிறந்தவர்களுக்கு இல்லை என்றே வைத்துக்கொள்ளலாம். இடது தோளில் இருக்கிற தழும்பைக் காட்டி 'எனக்குக் குத்தியிருக்கு' என்று சொல்கிற இளைஞர்கள் உண்டு. அது காசநோய்க்கான பி.சி.ஜி. தழும்பு. ஆறுதல் என்னவென்றால், இப்போது புதிய தடுப்பூசி இருக்கிறது. டெகோவிரிமாட் என்ற மருந்தும் 2018இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. மனிதர்களிடம் பெரியம்மைக்கு எதிராக அதைச் சோதித்துப் பார்க்க நோயாளிதான் கிடையாது.

தடுப்பூசி இருந்தும், முதல் நோயாளியைச் சீக்கிரம் கண்டுபிடித்தால்தான் பயன். பர்மிங்காமில் அதற்கே பதின்மூன்று நாள் ஆனது. நம் ஊர்களில் அம்மை கண்டால் வெளியே சொல்லாமல் வீட்டோடு வைத்துக்கொள்கிற வழக்கம் இன்னும் இருக்கிறது. வாசலில் வேப்பிலை கட்டுங்கள், மாரியம்மனுக்கு வேண்டிக்கொள்ளுங்கள். அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் சொல்லிவிடுங்கள்.